‘அதிர்ச்சியில் விஞ்ஞானிகள்’ வீடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் விண்வெளி வீடியோ போடுகிற நண்பர்களே,

வணக்கம். ஹபிள் முரண்பாடு (பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு இரண்டு வழிகளில் இரண்டு எண்கள் வருவது) என்றாலே ஏன் ‘பிக்பேங் பொய்யா?’ என்று தலைப்பு வைக்கிறீர்கள்? பிரபஞ்சம் விரிகிறதா என்பதில் அங்கே சண்டையே இல்லை. எவ்வளவு வேகத்தில் விரிகிறது என்பதில்தான் சண்டை, அதுவும் 67-ஆ 73-ஆ என்று.

இந்த எண்கள் எப்படி வந்தன என்பதுதான் சுவையான இடம், அதைத்தான் அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறீர்கள். சீஃபீடு விண்மீன்களின் வெளிச்சம் சீராகக் கூடிக் குறையும். மெதுவாகத் துடிப்பவை உண்மையில் அதிக வெளிச்சமானவை என்று 1912-இல் ஹென்ரியேட்டா லீவிட் காட்டினார். ஆக, துடிப்பைக் கவனித்தால் நிஜ வெளிச்சம் தெரியும், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரமும் கிடைத்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் தொலைவில் வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்கள் வரை போய்த்தான் வானியலாளர் ஆடம் ரீஸ் குழு 73-க்கு வந்தது, அதாவது ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் கேலக்ஸிகள் விலகும் வேகம் நொடிக்கு 73 கிலோமீட்டர் கூடுகிறது.

67 வேறு ரகம். பிரபஞ்சத்துக்கு சுமார் 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளியை பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தது; அந்த நிலையை வைத்து, நம் கோட்பாட்டின்படி இன்றைய வேகம் என்னவாக இருக்க வேண்டும் என்று கணித்தால் 67.4. (ஜாதகம் மாதிரிதான், என்ன, இதைச் சரிபார்க்க முடிகிறது.) இதன் பிழை வரம்பு அரை, ரீஸ் குழுவினுடையது ஏறக்குறைய 1. இரண்டும் கிட்டவே வரவில்லை.

சரி, இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது? 1929-இல் வானியலாளர் எட்வின் ஹபிள் சொன்ன எண் சுமார் 500! அதன்படி பார்த்தால் பிரபஞ்சம் பூமியின் பாறைகளைவிட இளையது. சீஃபீடுகளிலேயே இரண்டு வகை உண்டு என்று 1952-இல் வால்டர் பாடே அறிவித்த பிறகுதான் அது இறங்கத் தொடங்கியது, அப்புறம் பல வருடம் 50-ஆ 100-ஆ என்று அடித்துக்கொண்டார்கள்.

நீங்கள் விட்டுவிடுகிற இன்னொரு கதை 2024-இல் நடந்தது. பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்து சீஃபீடு அளவுகள் கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் சோதித்த ரீஸ் குழு, இடைவெளி அப்படியே இருக்கிறது என்றது. அதே தொலைநோக்கியை வைத்து அதே ஆண்டில் வெண்டி ஃபிரீட்மன் குழு மூன்று வகை விண்மீன்களை அளந்தது: சீஃபீடுக்கு 72, சிவப்பு அரக்கர்களுக்கு ஏறக்குறைய 70, கார்பன் விண்மீன்களுக்கு 68. ஒரே குழுவுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், புதுசாக இயற்பியல் தேடுவதற்கு முன் அளவுகோலையே ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டாமா?

அடுத்த வீடியோவில் இரண்டு குழுவையும் பெயர் சொல்லிப் பேசுங்கள், பிழை வரம்பைத் திரையில் போடுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள். நான் இப்போதைக்கு ரீஸ் பக்கம்தான், ஆனால் அந்த 68 உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்