எழுத்து இடுக்கில் காய்ந்த பொலிஷ்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஆல்டோ கார் பளபளவென்று நிற்கிறது, மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். பின்பக்கம் ‘எஸ்’ சின்னத்தின் மடிப்பிலும் கதவோரத்துக் கறுப்புப் பட்டியான பீடிங்கிலும் வெள்ளையாகத் தெரிவது நீ பூசிய பொலிஷ் காய்ந்ததுதான்.

ஊசியால் சுரண்டட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மகள். பெயின்டில் விழுந்த கீறல் லேசில் போகாது. தின்னர், பெட்ரோல் பக்கமும் போகாதே, பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் அவை கெடுத்துவிடும். டப்பாவில் கார்னோபா என்று இருந்தால், அது பிரேசிலில் ஒரு பனை வகை மரத்து இலையில் எடுக்கிற மெழுகு. 80 பாகைக்கு மேல்தான் உருகும். சாதாரணச் சுடுதண்ணீருக்கு அது கரையாது, ஊற்றிப் பார்க்கவும் நினைக்காதே.

காரை நிழலில் விடு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கார் ஷாம்பு கலந்து, மென்மையான பழைய பல் பிரஷை நனைத்து, இடுக்கை ஊறவிடு. பிறகு அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேய். நுரை பால் போல வெளுத்து வரும். அதை நல்ல தண்ணீரில் கழுவித் துடை. பிரஷ் எட்டாத மூலைக்கு, பல் குத்தும் குச்சியில் துணி சுற்றிக்கொள். அதற்கும் அசையாவிட்டால் ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, துணியில் தொட்டுத் துடை. அந்த ‘எஸ்’ எழுத்து ஒட்டுப் பட்டியில்தான் நிற்கிறது, நெம்பிவிடாதே. சேர்விஸ் நிலையத்தில் தண்ணீர் அடிப்பவர்களையும் குழாயைக் கிட்டே பிடிக்க விடாதே.

பீடிங்தான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். அந்தச் சொரசொரப்பில் பொலிஷிலுள்ள நுண்ணிய பொடி போய் அடைந்துவிடும். ஒரே நாளில் போகவில்லை என்று முரட்டுப் பிரஷை எடுக்காதே, இரண்டு மூன்று தரம் செய்.

நான் தேயிலைத் தோட்டத்தில் துரையின், அதாவது தோட்ட மேலாளரின், காரை ஓட்டிய காலத்தில், ஹட்டன் பனிமூட்டத்தில் பொலிஷ் காயவே காயாது, துணியில் இழுபடும். கொழும்பில் நேர்மாறு. வெயிலில் சுட்ட பொனட்டில் பூசினால் துடைப்பதற்குள் இறுகிவிடும். அதனால் காலை வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசு. அதற்கு முன்னே பீடிங்குக்கும் சின்னத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு, பாதி வேலை மிச்சம்.

பொங்கலுக்குக் காரிலேயே வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து வா. இருட்டு முன்னே வந்து சேர்.

அன்புடன்,
அப்பா