பொழுது எப்படிப் போகிறது என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் இரண்டு பேர். பொழுது எப்படித்தான் போகிறது அண்ணே?" என்று கேட்டாய். சட்டென்று பதில் வரவில்லை. ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். அதன்பிறகு அந்தக் கேள்வி உள்ளேயே கிடந்து உறுத்தியது. அதனால் நேற்று ஒரு நாளை மட்டும் கவனித்துப் பார்த்தேன். 32 வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன். பொழுதையும் பேரேட்டில் ஏற்றிப் பார்ப்பது என் கோளாறு.

காலை ஐந்தரைக்கு முகப்புக் கதவு. சாவி ஒரு சாண் நீளம் என்பது உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் கதவு ஊறிக்கொண்டால் சாவி திரும்பாது என்பது தெரிந்திருக்காது. கதவைத் தோளால் இடப்பக்கம் நெம்பிக்கொண்டே திருப்ப வேண்டும். பிறகு முற்றத்தைச் சுற்றிய வளவின் கதவு, இரண்டாம் கட்டு, கொல்லைக் கதவு. எல்லாவற்றையும் திறந்தபின் முகப்பில் நின்று பார்த்தால், நேர்கோட்டில் பின் தெரு வெளிச்சம் தெரியும். காற்றும் அந்தக் கோட்டிலேயே ஓடுகிறது. சாயங்காலம் இதே வரிசையில் எல்லாவற்றையும் மூட வேண்டும். இரண்டு வேளைக்கும் சேர்த்து 40 நிமிடம் என்று எழுதினேன். "திண்ணையில் பேப்பர் பார்த்த நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறீர்கள்" என்கிறாள் உன் அண்ணி. இருக்கலாம்.

முந்தின இரவு நல்ல மழை. முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தூம்பு அடைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டுத் துழாவினேன். வேப்பஞ்சருகு ஒரு பிடி, புறாச் சிறகு, கடைசியாக ஒரு பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் கிண்ணம். எனக்குச் சர்க்கரை, அண்ணிக்குப் பல்கூச்சம். இந்த வீட்டில் கடைசியாக ஐஸ்கிரீம் சாப்பிட்டது பிள்ளையார் நோன்புக்கு வந்திருந்த உன் பிள்ளைகள்தான். குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குக்காகச் சொல்கிறேன்.

வீடு துடைக்க வருகிற அம்மா நேற்று வரவில்லை. வளவுப் பத்தி முழுவதையும் நானே துடைத்தேன். துடைக்கும்போதுதான் தரையைப் பக்கத்தில் பார்க்கிறோம். நம் ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த முகம்தான் அந்த வழவழப்பு. அதைக் காப்பாற்றுவது கொஞ்சம் தேங்காயெண்ணெயும் மனிதர்களின் கால்களும். அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடுவே நாங்கள் நடக்கிற தடம் கண்ணாடியாக மின்னுகிறது. யாரும் போகாத மேற்குப் பத்தி அதே வயதுக் கல்தான். சாம்பல் பூசினதுபோலக் கிடக்கிறது.

பின்கட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உனக்குத் தெரியவரும். இரண்டு வருடம் முன்பு காரை உதிர்ந்த இடத்தில் அவசரப்பட்டுச் சிமெண்டு பூசவைத்தேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமெண்டு அதன் வாயை அடைத்துவிட்டது. இப்போது அதைச் சுற்றியிருந்த நல்ல காரையும் பொருக்குப் பொருக்காக விழுகிறது. தவறு என்னுடையது. செலவைப் பொதுக் கணக்கில் ஏற்றவில்லை.

மத்தியானம் வெண்டைக்காய் மண்டி, நம் பக்கத்துப் புளிப்புக் குழம்பு. இதில் ஒரு வேடிக்கை. மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீர் வேண்டும். இரண்டு பேர் சாப்பிடுகிற அரிசியில் எவ்வளவு கழுநீர் வரும்? அதனால் மண்டி வைக்கிற நாளில்தான் அண்ணி இட்லிக்கும் அரிசி ஊறப்போடுகிறாள், அந்தக் கழுநீரும் சேரட்டும் என்று. ஐயா காலத்தில் பிள்ளைகளுக்கு மணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி; ஒரே கூரையின் கீழ் ஐந்து புள்ளிக்கு ஐந்து அடுப்பு எரிந்திருக்கிறது. அன்றைக்குக் கழுநீரை மாட்டுக்கு ஊற்றியிருப்பார்கள். மொச்சையும் மாங்காய் வற்றலும் போட்டு நன்றாகவே வந்திருந்தது, கொஞ்சம் புளிப்புத் தூக்கல்.

மூன்று மணிக்கு கேமராவோடு நான்கு பேர். உள்ளே பார்க்கலாமா என்றார்கள். பார்த்தார்கள். ஒருவர் தூணைத் தட்டிப் பார்த்து விலை கேட்டார். மோர் கொடுத்து அனுப்பினோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் உனக்கு எழுத வேண்டிய விஷயம் நடந்தது. வளவில் உன் பங்கு அறை வாசலில் குனிந்து துடைத்தேன். நிலைப்படிக்கு அடியிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு மண்கோடு வெளியே வந்திருக்கிறது. சுரண்டினால் உள்ளே வெள்ளையாக நெளிகிறது. கரையான். பர்மாத் தேக்கை அது தொடாது என்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் தேக்கா? சித்தப்பாவின் மலேயாக் கடிதங்களும் பேரேடுகளும் அந்த அலமாரியில்தானே இருக்கின்றன? நம் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா செட்டியார் வீடு நிறையப் புத்தகமும் துண்டுக் காகிதமும் சேர்த்து, பூச்சி அண்டாமல் கூடவே இருந்து காத்தார். அதனால்தான் 1994இல் அதை வைத்துச் சென்னையில் ஒரு நூலகம் தொடங்க முடிந்தது. சித்தப்பாவின் காகிதத்துக்கு அந்த மதிப்பு இல்லாமல் இருக்கலாம். கரையான் அதைப் பார்த்தா தின்கிறது?

நிலைக்கு அடியில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்திருக்கிறேன். உள்ளே போக வழியில்லை. சாவி உன்னிடம் பெங்களூரில் இருக்கிறது.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பங்கு அறைச் சாவியை இன்னொருவரிடம் கொடுப்பது நம் வீட்டு வழக்கம் இல்லை. அலமாரியைத் திறக்க மாட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை கதவைத் திறந்துவைத்து, தரையைத் துடைத்து, நானும் அண்ணியும் உள்ளே நாலு நடை நடந்துவிட்டு வந்துவிடுகிறோம். கரையான் அலமாரி வரை போயிருந்தால் படம் எடுத்து அனுப்புகிறேன். என்ன செய்வது என்று நீ சொல்.

சாவியைத் துணியில் சுற்றிக் கூரியரில் போடு. நல்ல கனம் இருக்கும். கூலியைப் பொதுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்