பீர்க்கங்கொடிக்கு ஆடி ஆகாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுத் தோட்டம் பற்றி எழுதியவர், கோடையில் மண்ணைக் கொத்தி ஆறப்போட்டுவிட்டு ஆடி பிறந்ததும் விதை போடச் சொல்லியிருந்தார். பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் குடியிருக்கிற எனக்கு அதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் பக்கம் ஆடி என்றால் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் மேல்காற்று வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரை ஓயாது. அதை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. மழையாவது உண்டா என்றால் அதுவும் தூறலோடு சரி. தென்மேற்குப் பருவமழையை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

நான் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுப் பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், 3 சென்ட் இடம். ஓய்வு பெற்ற வருடம் நானும் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை நம்பி, ஆடி முதல் வாரம் பீர்க்கும் புடலையும் ஊன்றினேன். கொடி பந்தல் ஏறியது. ஆனால் பற்றுக்கம்பி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் காற்று பிடுங்கிவிடும். பூவெல்லாம் தரையில். ஒரு நாள் காலையில் பார்த்தால் மூங்கிலோடு பந்தலே பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அந்த வீட்டு அக்கா, "ஏனுங்க, உங்க பந்தலு எங்கூட்டுக்கு விருந்துக்கு வந்திருக்குதாட்டங்க" என்றார். காய் ஒன்றுகூட வரவில்லை, பேச்சு மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு கொடி வகைக்கு எனக்குத் தைதான் பட்டம், அதாவது விதைக்கும் பருவம். பொங்கல் கழிந்ததும் விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றிவிடுவேன். மாசியில் பந்தல் ஏறும், பங்குனியில் காய்க்கும். இதையும் மாசிக் கடைசிக்குத் தள்ளிப்போடக் கூடாது. வெயில் ஏற ஏறக் கொடியில் ஆண் பூவே மிஞ்சிப் பெண் பூ குறைந்துவிடும்.

பீர்க்கம்பூ விரிவது பொழுது சாயும்போது. அந்த நேரத்துக்குத் தேனீ கூட்டுக்குப் போய்விடுகிறது. அதனால் மாலை ஆறரைக்கு நானே போகிறேன். பெண் பூவை அடையாளம் பார்ப்பது சுலபம்: பூவுக்கு அடியில் சுண்டுவிரல் அளவுக்குப் பிஞ்சு இருக்கும். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் பொடி பெண் பூவின் நடுவில் ஒட்டுகிற மாதிரி இரண்டு தடவை தேய்த்தால் போதும். ஒட்டாத பிஞ்சு மூன்று நாலு நாளில் மஞ்சளாகிச் சுருங்கிவிடும். பிடித்தது நிமிர்ந்து நீளும். முப்பது வருடம் டிக்கெட் கிழித்த விரலுக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை.

தண்ணீர்தான் கஷ்டம், அதை மறைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறவர்கள் நாங்கள். குளித்த தண்ணீரை வாழைக்கும் சேனைக்கும் திருப்பிவிட்டேன். கொடியின் அடியில் தென்னை நார்க்கழிவை மூடாக்காகப் போட்டிருக்கிறேன். பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் அதற்கா பஞ்சம்! ஆனால் முதல் வருடம் மில்லில் இருந்து வந்த ஈர நார்க்கழிவை அப்படியே பையில் நிரப்பிக் கத்தரி நாற்று வைத்தேன். பத்தே நாளில் அத்தனையும் வெளுத்துவிட்டது. உப்பும் துவர்ப்பும் போகும்வரை இரண்டு மூன்று தடவை அலச வேண்டும், இல்லையென்றால் மட்கவைக்க வேண்டும். சிப்பிக்காளான் வித்துக் கலந்து மட்கவைக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகமே சொல்லித்தருகிறது. தோட்டப் பக்கத்தில் இதையெல்லாம் எழுதலாம்.

ஆடியில் ஒன்றுமே போடக் கூடாது என்று சொல்லவில்லை. தரையோடு கிடக்கிற சின்ன வெங்காயமும் கீரையும் நானும் போடுகிறேன். இந்த வருடம் மேற்கு வேலி ஓரமாக உயிர்வேலிக்கென்று கிளுவைப் போத்தும் (வெட்டி நடுகிற கிளை) நட்டிருக்கிறேன். அது அடர்ந்து காற்றைத் தடுக்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். அப்புறம் வேண்டுமானால் ஆடியில் ஒரு பந்தல் போட்டுப் பார்க்கலாம்.

நான் கேட்பது இதுதான். கோவை, திருப்பூர், ஈரோடு பதிப்பிலாவது தைப்பட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதையும் மார்கழிக் கடைசிக்குள் போடுங்கள். விதை வாங்க, பந்தலுக்குக் கம்பு தேட எங்களுக்கு நேரம் வேண்டாமா?

நேற்று மூன்று பீர்க்கு பறித்தேன். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போனது. விதைக்கென்று இரண்டு காயைத் துணி கட்டிக் கொடியிலேயே விட்டிருக்கிறேன், காற்றுக்கு முன்னால் காய்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
உடுமலை வட்டம்.