பாதியில் நிறுத்திய படத்தை முழுசாகப் போடுங்கள்

ஆவணப்பட விழாக் குழுவினருக்கு வணக்கம்.

நேற்று மாலை பெரிய அரங்கில் நடந்தது உங்களுக்கே தெரியும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவைப் பற்றிய படம். உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் காலமெல்லாம் நின்று கண் மங்கிப்போனவர், மகள் பிடிவாதம் பிடித்ததால் ஒருவழியாக மதுரைக்குப் பஸ் ஏறி, டாக்டர் முன்னால் போய் உட்காருகிறார். டாக்டர் வாய் திறப்பதற்குள் திரை இருண்டது, அரங்கில் விளக்குகள் எரிந்தன. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், விருது நிகழ்ச்சியை உடனே தொடங்க வேண்டும் என்று மைக்கில் அறிவித்தீர்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, உரைகள் எல்லாம் நடந்து முடிந்தன. படம் மட்டும் திரும்ப வரவே இல்லை.

அதை எடுத்த பெண் எனக்கு முன் வரிசையில்தான் இருந்தார். எழுந்து நின்று ஆபரேட்டர் அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னார்வலராக வேலை செய்யும் கல்லூரிப் பையன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அவர் பெருந்தன்மைக்காரர், சொல்லிவிட்டார். நீங்களும் பரவாயில்லை என்று இருந்துவிடக் கூடாது. அந்தப் படத்தை விழா முடிவதற்குள் முழுசாகத் திரையிட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு நாளும் பார்த்த படங்களைப் பற்றி இரவே எழுதிவிடுவது என் வழக்கம். நேற்று இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியவில்லை. அந்த அம்மாவுக்குப் பார்வை திரும்புமா, திரும்பாதென்றால் அதை கேமரா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது, எங்கே விலகிக்கொண்டது, இது எதுவும் தெரியாமல் என்ன விமர்சனம் எழுதுவது? அரைகுறையாகப் பார்த்துவிட்டு நல்ல படம் என்று பாராட்டினால் அது படத்தை எடுத்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சினிமா என்றால் அடுத்த காட்சிக்குப் போகலாம், இல்லாவிட்டால் ஓடிடியில் பார்க்கலாம். முதுமலையில் எடுத்த 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கர் வாங்கியது, நெட்ஃப்ளிக்ஸில் இன்றும் பார்க்கலாம், சந்தோஷம். அந்த வாய்ப்பு எத்தனை ஆவணப்படங்களுக்குக் கிடைக்கிறது? மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' 2017இல் திரையிட விடாமல் தடுக்கப்பட்டு, யூடியூபில்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு காலத்தில் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படமோ ஆவணப்படமோ கட்டாயம் ஓடும். அந்த வழியும் அடைபட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. மதுரையில் மறுபக்கம் அமைப்பு 1998இலிருந்து பெரிய பண பலம் இல்லாமலே ஆவணப்பட விழா நடத்திவருகிறது. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் திரைகளை நம்பித்தான் இந்தப் படங்களை எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட திரையை வைத்திருக்கும் நீங்களே படத்தைப் பாதியில் நிறுத்தினால் அவர்கள் வேறெங்கே போவார்கள்?

முன் மூன்று வரிசைகளை விருந்தினர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டுக் கடைசிவரை காலியாகவே வைத்திருப்பது, வெளியூரிலிருந்து படத்தோடு வந்த இயக்குநரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க விட்டுவிட்டு நேரமாகிவிட்டது என்று மைக்கைப் பிடுங்குவது, இதெல்லாமும் மனதில் இருக்கிறது. விருந்தினர் தாமதமாக வந்தால் நாங்கள் காத்திருக்கிறோம். படம் முடியும்வரை விருந்தினர் காத்திருக்கக் கூடாதா? அவரிடம் சொல்லியிருந்தால் அவரே உட்கார்ந்து பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உங்களில் ஒருவருக்கும் அவரிடம் சொல்லத் தோன்றவில்லையே என்பதுதான் எனக்குக் கோபம்.

சரி, மற்றவற்றை அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம். விழா ஞாயிற்றுக்கிழமைவரை இருக்கிறது. அன்று காலை சின்ன அரங்கில் எதுவும் இல்லை என்று உங்கள் அட்டவணையிலேயே போட்டிருக்கிறது. அந்தப் பெண்ணும் அதுவரை ஊரில்தான் இருக்கிறார். தயவுசெய்து படத்தை முதலிலிருந்து முழுசாகப் போடுங்கள், முடிந்ததும் அவர் பேச அரை மணி நேரம் கொடுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டிவிட்டால் போதும், பார்வையாளர்களுக்குச் சொல்லிக் கூட்டிவரும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் விழாவுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்