செங்காந்தளின் பச்சையை அழித்துவிட்டுப் பரிசு கொடுக்காதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இயற்கைப் புகைப்படப் போட்டி நடத்துகிறவர்களுக்கும், நடுவர்களாக வந்து உட்காருகிறவர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இயற்கைப் பிரிவில் செலக்டிவ் கலர் படங்களை இனிமேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, நடுவில் ஒரு பூ மட்டும் சிவப்பு, இல்லையென்றால் ஒரு மீன்கொத்தி மட்டும் நீலம் என்று வருகிற படங்களுக்குக் கைதட்டிக் கோப்பை கொடுத்துக்கொண்டே போனால், புதிதாகக் கேமரா வாங்குகிற பிள்ளைகள் விடியற்காலையில் ஏரிக்கரையில் போய்க் காத்திருப்பதைவிட ஃபோட்டோஷாப்பில் உட்காருவதே மேல் என்றுதான் முடிவு செய்வார்கள்.

அந்த உத்தி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் பொண்ணோட கூறைப்புடவை மட்டும் சிவப்பாகத் தெரிய, மற்றதெல்லாம் சாம்பலாக இருப்பதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம், அங்கே அது அழகு. ஆனால் ஒரு பூவுக்கோ பறவைக்கோ நிறம் என்பது அலங்காரம் கிடையாது.

செங்காந்தளையே எடுத்துக்கொள்ளுங்கள், நம்முடைய மாநில மலர், மழை பெய்த பிறகு வேலியோரப் புதர்களில் பூக்கிறது. புதிதாக விரிந்த பூவில் இதழின் அடிப்பக்கம் பச்சை கலந்த மஞ்சளாகவும் நுனி மட்டும் சிவப்பாகவும் இருக்கும், நாளாக நாளாகச் சிவப்பு கீழே இறங்கிக் கடைசியில் இதழ் முழுக்கச் சிவந்துவிடும். ஒரே கொடியில் மேலே பச்சை மொட்டு, அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாக ஒரு பூ, இன்னும் கீழே முழுச் சிவப்பில் ஒன்று என்று அதன் வயது வரிசையாகத் தெரியும். இலையின் நுனி கம்பி மாதிரி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதையும் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் படத்தில் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சாம்பலாக்கினால் என்ன மிச்சம்? இளம் பூவில் பாதி செத்துப்போகிறது, சுருண்ட இலை நுனி புதருக்குள் காணாமல் போகிறது, கொடி எதைப் பிடித்து நிற்கிறது என்பதே தெரிவதில்லை.

அப்புறம் நம் கிருஷ்ணகிரிப் பாறைகளில் வெயில் காயும் பாறை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் பளிச்சென்று நிறம் ஏறி நிற்கும், பெண்ணைப் பார்க்கும்போதும் இன்னொரு ஆணோடு மல்லுக்கு நிற்கும்போதும் சில நொடிகளிலேயே அந்த நிறத்தை மாற்றவும் செய்யும். நிறம்தான் அதன் பேச்சு. கணினியில் நிறத்தை இழுத்து மஞ்சளை ஆரஞ்சாக்குகிறவர், அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதி வைக்கிறார்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லில் காவிரி செம்மண் கலங்கலாகத்தான் வரும், அதை நீலமாக்கி அனுப்புகிறார்கள். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைச் செய்தியில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அந்த ஆற்றையும் ஒரு சொடுக்கில் தெளிந்த நீராக மாற்றி 'இயற்கை' என்று பரிசு கொடுத்துவிட்டால், நாளைக்கு நியாயம் கேட்கப் போகிறவன் கையில் எந்தப் படம் இருக்கும்?

இது நான் புதிதாகக் கிளப்புகிற பேச்சு இல்லை. 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக நேஷனல் ஜியாகிரஃபிக் கீசா பிரமிடுகளைக் கணினியில் நகர்த்திக் கிட்டே வைத்தது, அதற்கு வாங்கிய திட்டு இன்றுவரை பேசப்படுகிறது. ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பி.எஸ்.ஏ (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) போன்ற அமைப்புகளின் இயற்கைப் பிரிவு விதியில் எதையும் சேர்க்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, ஓரத்தை வெட்டி கிராப் செய்வதைத் தவிர வேறு வழியில் நீக்கவும் கூடாது, செய்கிற திருத்தம் இயல்பாகத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கலாம், அதற்குத் தடையில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு நிறத்தைச் சேர்த்துவிட்டால் அது கலர் படம் என்றும் ஃபியாப் சொல்கிறது, ஆக செலக்டிவ் கலருக்குக் கறுப்பு வெள்ளைப் பிரிவிலும் இடமில்லை.

எடிட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், கேமரா சென்சாரில் ஒட்டிய தூசியால் படத்தில் விழுகிற புள்ளியை எடுங்கள். ஷட்டரை மெதுவாக வைத்து அருவியைப் பால் மாதிரி எடுப்பதும் எனக்குச் சரிதான், அது கேமராவுக்குள்ளேயே நடப்பது.

நம் இரண்டு மாவட்டங்களிலும் காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் வந்தது, காவிரி தெற்கு 2022இல் வந்தது. அங்கே இருக்கும் சாம்பல் நிற அணிலையும் நீர்நாயையும் உள்ளே போய்ப் பார்க்க முடியாத நம் ஊர்ச் சனங்கள் உங்கள் கண்காட்சிச் சுவரில்தான் பார்க்கப் போகிறார்கள். அவர்கள் பார்ப்பது உண்மையாக இருக்க வேண்டும்.

அதனால் கேட்பது இவ்வளவுதான். செலக்டிவ் கலர், வானத்தை மாற்றுவது, ஓவியம் மாதிரி ஆக்குவது எல்லாவற்றுக்கும் கலைப் பிரிவு என்று தனியாக ஒன்று வையுங்கள், பரிசுத்தொகையும் சமமாகவே கொடுங்கள். இயற்கைப் பிரிவில் கடைசிச் சுற்றுக்கு வருகிறவர்களிடம் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பை, கேட்டு வாங்குங்கள். செல்ஃபோனில் எடுக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ரா இருக்காது, எடிட் செய்யாத ஒரிஜினல் போதும் என்று சொல்லிவிடுங்கள், அவர்களை வெளியே நிறுத்திவிட வேண்டாம். அடுத்த போட்டிக்கான நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் இந்த விதியைக் கொட்டை எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.