டப்பாவைப் பிரிக்கும் முன்

அன்புள்ள கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே குட்டி அழுதான், நீ வைத்துவிட்டாய். சொல்ல வந்தது பாதியில் நின்றதில் எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

முடி கொட்டுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதனால் ஆன்லைனில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவிட்டேன் என்றாய். அந்த டப்பாவை இப்போதைக்குப் பிரிக்காதே. முதலில் ரத்தம் கொடுத்துப் பார். ஹீமோகுளோபினோடு ஃபெர்ரிட்டினும் பார்க்கச் சொல். உடம்பில் இரும்பு எவ்வளவு கையிருப்பு என்பதை அதுதான் காட்டும். காய்ச்சல் இருக்கும்போது போகாதே, அப்போது அது கூட்டிக் காட்டும்.

உன் அத்தை கதை உனக்குத் தெரியாது. ரத்தம் கம்மி, ரத்தம் கம்மி என்று வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கினாள். ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டவே இல்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் தோற்றுப்போயின. கடைசியில் ஒரு டாக்டர்தான், சிவப்பணு இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு வேறு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தலசீமியா மைனர், அதாவது பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறின் லேசான வகை. பிறவியிலேயே வந்தது. இரும்பு போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. தேவைக்கு மேல் சேரும் இரும்பை வெளியே தள்ள உடம்புக்குத் தனி வழியும் கிடையாது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். அப்பா வழியில் இருப்பதால் உனக்கும் இருக்கலாம். அப்படி இருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

சரி, உனக்கு நிஜமாகவே இரும்பு குறைவு என்று வருகிறது என்று வைத்துக்கொள். எதனால் குறைந்தது என்று டாக்டரிடம் கேள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்று கேட்டால் வெட்கப்படாமல் சொல்.

அப்புறம், நீயும் என்னைப் போல தைராய்டு மாத்திரை போடுகிறவள். நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாதே. மறந்துவிடக் கூடாதென்று காலையில் அதையும் இரும்பு மாத்திரையையும் ஒரே தண்ணீரில் விழுங்கினேன். தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் கூடுகிற டிஎஸ்ஹெச் ஏறிக்கொண்டே போக, டாக்டர் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். இரும்பு அதைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது என்று பிறகுதான் தெரிந்தது. நடுவில் நாலு மணி நேரமாவது விட வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதேதான்.

உன் டிகாக்‌ஷன் காபி இரும்பை உள்ளே விடாது. குடித்தே தீருவாய் என்று தெரியும், இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடி. வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தாலோ, வயிற்றுவலி இருந்தாலோ டாக்டரிடம் போ. டப்பாவில் போட்டிருக்கும் எண்ணையும் கவனி. ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் என்றால் அதில் நிஜ இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம்தான். டாக்டர் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்.

இனிதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். அந்தச் சிவப்பு மாத்திரை குட்டி கண்ணுக்கு ஜெம்ஸ் மிட்டாய். அவன் பன்னிரண்டு கிலோ. அறுபது மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரை நாலைந்து போனாலே அவனுக்கு விஷம். பத்துப் பன்னிரண்டு போனால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி எடுத்துவிட்டு, பிறகு தெளிந்த மாதிரி விளையாடுவான். அதை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அவன் வாயில் போட்டானோ என்ற சந்தேகம் வந்தாலே டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஃப்ரிட்ஜ் மேலே வைத்திருக்கிறேன் என்றாயே, அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற வீடியோவை நீதானே போன வாரம் அனுப்பினாய்? பீரோவில் வைத்துப் பூட்டு.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. எழுத்து பொடியாக இருந்தாலும் பரவாயில்லை, அப்பா பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா