உங்கள் இரவு டூரில் குடி அதிகம், ஊர் குறைவு

ஜோகன்னஸ்பர்க்கில் இரவு டூர் நடத்தும் நிறுவனத்தாருக்கும் கைடுகளுக்கும் வணக்கம்.

நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து மிட்ராண்ட், சாண்ட்டன், சன்னிங்ஹில் பக்கம் குடியிருப்பவர்கள். மின்வேலி போட்ட காம்ப்ளெக்ஸ், வாசலில் செக்யூரிட்டி, இருட்டினால் வீடு. வந்து பல வருடம் ஆகியும் எங்களில் நிறையப் பேர் நகரத்தின் மையத்தை இரவில் பார்த்ததே இல்லை. ஊரிலிருந்து மச்சினரோ தங்கை குடும்பமோ வந்து, "ராத்திரியில் இந்த ஊர் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் உங்களிடம்தான் டிக்கெட் எடுக்கிறோம். தனியாகப் போகப் பயம், வேறு என்ன. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வரும். தமிழில் எழுதுவது, அடுத்து டிக்கெட் எடுக்கப்போகும் எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான்.

போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ஆட்களோடு நான் வந்த டூரை நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே போடப்போவதில்லை. விசாரித்துப் பார்த்தால் பாதிப் பேர் அப்படித்தான் நடத்துகிறீர்கள். பிராம்ஃபொன்டெய்னில் ஒரு பார், மபொனெங்கில் ஒரு பார், கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய டவுன்ஷிப்பான சொவெட்டோவில் ஒரு ஷெபீன் (வீட்டுக்குள் நடத்தும் மதுக்கடை), திரும்ப வந்து ஒரு கிளப். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஷாட் டிக்கெட்டிலேயே சேர்த்தி. நானும் என் நாத்தனாரும் குடிப்பதில்லை. "பரவாயில்லை, உங்கள் ஷாட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றார் கைடு. கொடுத்தோம். மூன்றாவது இடத்துக்குப் போவதற்குள் எங்கள் ஷாட்டை வாங்கிக் குடித்தவரைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

குடிக்கிறவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. என் மச்சினரும் குடிப்பவர்தான், அன்று நன்றாகவே குடித்தார். ஆனால் காலையில் டீ குடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "பெங்களூரில் இதைவிட நல்ல பார் இருக்கே, இதுக்கா இவ்வளவு தூரம்?" நீங்கள் யோசிக்க வேண்டிய கேள்வி அது. பாரும் பீரும் எல்லா ஊரிலும் கிடைக்கும். இந்த ஊரின் இரவுக்கென்று ஒரு கதை இருக்கிறது. அது வேறு எங்கும் கிடைக்காது. அதைத்தான் நீங்கள் விற்காமல் விட்டுவிடுகிறீர்கள்.

ஷெபீனையே எடுத்துக்கொள்வோம். "இது இங்கத்திய லோக்கல் பார், உள்ளே போய் ஜாலியாக இருங்கள்" என்பதோடு எங்கள் கைடு முடித்துக்கொண்டார். ஏன் இது ஒரு வீட்டுக்குள் இருக்கிறது, ஏன் கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். பதில் ஒன்றும் ரகசியமில்லையே. 1962 வரைக்கும் கறுப்பின மக்கள் பிராந்தி, விஸ்கி, பாட்டில் பீர் போன்றவற்றைக் கடையில் வாங்குவது சட்டப்படி குற்றம். அவர்கள் வீட்டில் காய்ச்சுவதும் குற்றம். குடிக்க வேண்டுமென்றால் நகராட்சி நடத்திய பீர் ஹாலுக்குப் போய் அது ஊற்றிய சோள பீரைத்தான் குடிக்க வேண்டும். வேலை தேடி நகரத்துக்கு வந்த பெண்களுக்கு வெள்ளைக்காரர் வீட்டு வேலை, துணி துவைப்பது இவற்றை விட்டால் கையில் காசு தரும் தொழில் இதுதான். மக்காச்சோள மாவையும் முளைகட்டிய சோளத்தையும் புளிக்க வைத்து உம்கொம்போதி என்ற பீரைக் காய்ச்சினார்கள். போலீஸ் வந்தால் தெரியாமலிருக்க டின்னை முற்றத்து மண்ணில் புதைத்து வைத்தார்கள். பிடிபட்டால் சிறை. இந்த நாட்டுப் பாடகி மிரியம் மகேபா பிறந்து 18 நாளில் அவருடைய அம்மா பீர் காய்ச்சிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். உலகம் முழுக்கப் பாடிய அந்தக் குரல் முதல் ஆறு மாதம் சிறைக்குள் அழுத குரல். இதை ஷெபீன் வாசலில் நின்று இரண்டு நிமிடம் சொன்னால் போதும், உள்ளே போகிறவன் கிளாஸைப் பிடிக்கிற விதமே மாறிவிடும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நகராட்சி பீர் ஹாலில் வந்த லாபம் எங்கே போயிற்று? கறுப்பின மக்களை அடக்கி வைத்த நிர்வாகத்தின் செலவுக்கே போயிற்று. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது டர்பன் நகரம். 1908இல் டர்பன் இருக்கும் நேட்டாலில் வந்த சட்டத்தை வைத்து சோள பீர் விற்பனையை மொத்தமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது, மற்ற ஊர்களும் பின்னாலேயே போயின. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனரில் பெண்கள் கம்போடு பீர் ஹாலுக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டி அடித்தார்கள். 1976இல் சொவெட்டோ மாணவர்கள் கொதித்து எழுந்தபோது கொளுத்திய கட்டிடங்களில் பீர் ஹால்களும் மதுக்கடைகளும் இருந்தன. டாஸ்மாக் வருமானத்தில் அரசாங்கம் நடப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம், சொன்னால் போதும், டக்கென்று பிடித்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் சொவெட்டோவின் விலகாசி தெருவில் எங்களை இறக்கி, "மண்டேலா வீடு, டூட்டு வீடு, இரண்டு நோபல், ஒரே தெரு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது ஷாட்" என்று முடித்துவிட்டீர்கள்.

போட்டோ என்றதும் ஒன்று. எங்கள் வண்டியிலிருந்த ஒருவர் ஷெபீனுக்குப் பக்கத்து முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைடு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போதே "கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்கக் கூடாது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் ஊர் ஆண்கள் சிலருக்கு இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நைட் லைஃப் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பாரில் வேலை செய்யும் பெண்ணிடமும் ஆட வந்த பெண்ணிடமும் அவர்கள் பேசுகிற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் ஆயிற்றே என்று நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். இறக்கி விடுங்கள். நாங்கள் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டோம், கைதட்டுவோம்.

சரி, குடிக்காதவர்களுக்கு வருவோம். இந்த ஊரில் ஒரு சொட்டு மதுவும் இல்லாமல் நடுநிசிவரை கலகலவென்று இருக்கும் இடம் ஃபோர்ட்ஸ்பர்க். வெள்ளி, சனி இரவில் மின்ட் ரோடு பக்கம் போனால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். கரி அடுப்பில் கபாப், மசாலா சிப்ஸ், ஃபலூதா, பாகிஸ்தான்காரர் கடை, பங்களாதேஷ்காரர் கடை, பாட்டுச் சத்தம், ஹாரன் சத்தம். இதுவும் நைட் லைஃப்தானே? உங்கள் யாருடைய இரவுப் பட்டியலிலும் இதை நான் பார்க்கவில்லை. பார் இல்லாததால் கமிஷன் இல்லை என்பதுதான் காரணமென்றால், ஒரு கடைக்காரரோடு பேசி ஒரு தட்டு விலையை டிக்கெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் தருகிறோம்.

ஃபோர்ட்ஸ்பர்க்குக்குப் போகிற வழியும் சும்மா இல்லை. பிராம்ஃபொன்டெய்னிலிருந்து நெல்சன் மண்டேலா பாலம் வழியாக நியூடவுனில் இறங்கினால் மார்க்கெட் தியேட்டர். அந்தக் கட்டிடம் 1913இல் கட்டிய இந்தியப் பழச் சந்தை. சொவெட்டோ எழுச்சி நடந்த அதே 1976 ஜூனில் அங்கே நாடகம் போட ஆரம்பித்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக் கூடாது என்ற காலத்தில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த அரங்கம் அது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹமீதியா மசூதி. 1908 ஆகஸ்ட் 16 அன்று அதன் முன்னால் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் காந்தியின் தலைமையில் இந்தியர்கள், கட்டாயப் பதிவுச் சட்டத்தை எதிர்த்துத் தங்கள் பதிவுச் சான்றிதழ்களை இரண்டாயிரத்துக்கும் மேல் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். முன்னால் நின்ற தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்த தமிழர்.

பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டம் இரவில் பூட்டியிருக்கும், தெரியும். உள்ளே அழைத்துப் போகச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எங்களுக்கு முதல் ஷாட் ஊற்றுகிற அதே பிராம்ஃபொன்டெய்னின் மேற்குப் பக்கத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை கிடக்கிறாள். காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் செத்துப்போன ஜோகன்னஸ்பர்க் பெண். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரிடமும் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதே தோட்டத்தில் இந்த நாட்டின் தேசிய கீதத்துக்கு அடிப்படையான பாட்டை எழுதிய ஏனோக் சொன்டோங்காவும் இருக்கிறார். வண்டி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லுங்கள், அது போதும். எங்கள் மச்சினர் மறுநாள் பகலிலேயே அங்கே கூட்டிப் போகச் சொல்லியிருப்பார்.

பாட்டையும் விட்டுவிடாதீர்கள். கிளப்பில் எங்களுக்குக் காது கிழியப் போட்டதெல்லாம் எங்கள் ஊர் கல்யாண டிஜே போடுகிற அதே அமெரிக்கப் பாட்டுகள். அமபியானோ என்ற நடன இசை இந்த மாகாணத்தின் டவுன்ஷிப்களில் பிறந்து உலகம் முழுக்கப் போயிருக்கும்போது, அதன் பிறந்த வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதைக் கேட்கவைக்க வேண்டாமா?

சாப்பாட்டு விஷயம் சின்னது, சொல்லிவிடுகிறேன். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தும் என் நாத்தனாருக்குக் கிடைத்தது உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும். இறைச்சி சுட்டுத் தரும் ஷிசன்யாமா கடை எதிலும் பாப்பும், காய்கறிக் கூட்டான சகலாகாவும் இருக்குமே. பாப் எங்களுக்குக் களி மாதிரி, சகலாகாவில் காரமும் உண்டு. அதைக் கொடுத்திருந்தால் இரண்டு தட்டு சாப்பிட்டிருப்பார்.

கடைசியாகப் பாதுகாப்பு. எங்களைப் பயமுறுத்துவதில் நீங்கள் குறை வைப்பதில்லை. "இந்தத் தெருவில் இறங்காதீர்கள், அந்தக் கட்டிடத்தைப் பாருங்கள், கும்பல் பிடித்து வைத்திருக்கிறது" என்று கண்ணாடிக்கு உள்ளிருந்து காட்டுகிறீர்கள். 2023 ஆகஸ்டில் மார்ஷல்டவுனில் அப்படி ஒரு கட்டிடம் எரிந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வேறு கதி இல்லாமல் அங்கே வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்கள் அவர்கள். அதை வேடிக்கைப் பொருளாகக் காட்டாதீர்கள். இவ்வளவு பயமுறுத்திவிட்டு, நள்ளிரவு தாண்டி எங்களைக் கிளப் வாசலில் இறக்கி, "ஊபர் போட்டுக்கொள்ளுங்கள், குட் நைட்" என்று போய்விட்டார்கள். போதையில் இருந்த ஒருவர் போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றார். தெருவில் நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டாக நின்ற ஒரு காங்கோ இளைஞர்தான் அவரைச் சுவரோரமாக இழுத்து நிறுத்தி, வண்டி வரும்வரை கூடவே இருந்தார். அந்த வேலைக்கு உங்களிடம் பணம் கட்டியது நாங்கள், செய்தது அவர். அவருக்கு என் மச்சினர் கொடுத்த ரேண்ட்தான் அன்று சரியாகச் செலவான பணம்.

ஆகவே எங்களுக்கு எழுத்தில் வேண்டியது: டூர் எங்கே முடியும், அங்கிருந்து ஒவ்வொருவரும் வண்டி ஏறும்வரை கைடு நிற்பாரா, வண்டி ஓட்டுகிறவர் தொழில்முறை ஓட்டுநருக்கு ரத்தத்தில் மது அளவு 0.02 என்ற வரம்பைத் தாண்டாதவரா (எங்கள் ஓட்டுநர் கையில் என்ன கிளாஸ் இருந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கிற நிலைமை வந்ததே தப்பு). கைடு சட்டப்படி பதிவு செய்தவரா, பேட்ஜும் கார்டும் காட்டுவாரா. 2014ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி பதிவு இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். அப்புறம், குடிக்காதவர்களுக்கு ஷாட் விலை கழித்த டிக்கெட். ஷெபீன் நடத்தும் அம்மாவுக்கு டிக்கெட்டில் எவ்வளவு போகிறது என்பதையும் எழுதுங்கள். அவர் வீட்டுக்குள் போய் உட்காருகிறோம், அதைத் தெரிந்துகொள்ளாமல் உட்காரக் கூச்சமாக இருக்கிறது.

பள்ளி விடுமுறைக்கு எங்கள் காம்ப்ளெக்ஸுக்கு மறுபடியும் விருந்தாளிகள் வருகிறார்கள், ஒரு வேன் நிறைய ஆள் சேரும். பாதிப் பேர் குடிப்பார்கள், பாதிப் பேர் குடிக்க மாட்டார்கள், ஒரு பாட்டியும் உண்டு. நியூடவுன், ஃபோர்ட்ஸ்பர்க், சொவெட்டோ மூன்றையும் சேர்த்து, மேலே கேட்டவற்றுக்குப் பதிலும் சேர்த்து யார் விலை அனுப்புகிறீர்களோ அவர்களிடம் புக் செய்கிறோம்.

இப்படிக்கு,
மிட்ராண்டிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தலைவி